நடுக்கம் மட்டுமா நோய்?

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியும் மருந்தடித்தும் உழைத்தவர்கள் பலர் இன்று முதியவர்கள். அவர்களுக்குக் கை நடுங்கினால் மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். ஊதுபத்தி வாசனை தெரியவில்லை, உறக்கத்தில் கத்திக் கையை வீசுகிறார், மலச்சிக்கல் தீரவில்லை என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். பார்க்கின்சன் நோயில் இவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தோன்றலாம். (இவற்றில் ஒன்று இருந்தாலே இந்த நோய்தான் என்று அஞ்ச வேண்டாம்.) களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மலேசியாவில் அது 2020இல் தடை செய்யப்பட்டது.

1817இல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன், அறிவு கெடுவதில்லை என்றே எழுதினார். அங்கே அவர் தவறினார். நாளாக ஆகப் பலருக்குச் சிந்தனை மந்தமாகும்; கடைக் கணக்குத் தடுமாறும்; இல்லாத ஆள் மூலையில் நிற்பதாகத் தெரியும். லயத்து வீடுகளில் இதைக் காத்துக் கருப்பு என்று மந்திரிக்கப் போவதுண்டு. போகிறவர்கள் போகட்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். சில வேளை மருந்தே காரணமாக இருக்கும். நடுக்கத்துக்குத் தரும் பென்செக்சால் முதியோரின் மனத்தைக் குழப்பக்கூடியது. ஆனால் எந்த மாத்திரையையும் நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, எல்லா மருந்தையும் பையோடு எடுத்துச் செல்வோம். இரவில் அவர் கண்டதாகச் சொன்னதையும் மறைக்காமல் சொல்வோம்.