நாம் வாழும் நகரைக் காணும் வகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு, குடும்பங்களுக்கு நேரே உதவக்கூடிய பொருள் ஒன்றைப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். விடுமுறை வந்துவிட்டால் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் சுற்றத்தார் வருகின்றனர். அவர்களை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றிலும் எழுகின்றது. ஆதலின், வரலாற்றுப் பெருமை வாய்ந்த நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவது எவ்வாறு என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். அந்நகரம் நாம் வாழும் மும்பை மாநகரம்.

"மும்பையைப் பார்க்கவும் ஒரு திட்டம் வேண்டுமோ? கேட்வே ஆஃப் இந்தியாவில் ஒரு படம், ஜுஹு கடற்கரையில் ஒரு மாலை, தாதரில் துணிக்கடை, இவை போதாவோ?" எனச் சிலர் கேட்கலாம். இவையும் இன்பமே. எனினும், இவ்வளவில் ஊர் திரும்பும் உறவினர் ரயில் நெரிசலைப் பற்றிப் பேசுவரேயன்றி நகரத்தைப் பற்றிப் பேசார். நம் குழந்தைகள் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளி செல்லும் பிள்ளைக்குத் தஞ்சைப் பெரிய கோயிலும் தெரியாது. தன் தெருவுக்கு அப்பால் நிற்கும் கோட்டையும் தெரியாது.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் பணிபுரிகின்றனர். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் பாஸ்டன் நகரில் ஒரு புதுமையைக் காண்பர். நடைபாதையில் சிவப்புக் கோடு ஒன்று, சில இடங்களில் செங்கல்லாகவும் சில இடங்களில் வண்ணப் பூச்சாகவும் தெருத் தெருவாக ஓடுகின்றது. 'விடுதலைப் பாதை' என்பது அதன் பெயர். வில்லியம் ஸ்கோஃபீல்டு என்னும் பத்திரிகையாளர் கூறிய யோசனையின்படி 1951-இல் தோன்றியது. ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமுள்ள அப்பாதை, அந்நாட்டின் வரலாற்றை நினைவூட்டும் 16 இடங்களை ஒன்றாகக் கோக்கின்றது. வந்தவர் கோட்டின்மேல் நடந்தால் போதும்; வழியும் தப்பாது, வரலாறும் தப்பாது.

நம் மும்பைத் தெருக்களில் அத்தகைய சிவப்புக் கோடு இல்லை. அதனைக் குடும்பம் ஒவ்வொன்றும் தனக்குத் தானே இட்டுக்கொள்ளல் வேண்டும். அக்கோட்டை இடும் வகையினை இனிச் சொல்வேன்.

திட்டத்தின் விதிகள்

முதலாவது, ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வரையறுத்துக் கொள்ளுங்கள். எலிஃபண்டாவும் ஜுஹுவும் ஒரே நாளில் என்றால் இரண்டும் கெடும். இரண்டாவது, பருவம் அறிந்து புறப்படுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பதற்கு ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கடலும் நம் சொல்லைக் கேளா. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமையாயின் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். நண்பகல் வேளையில் ரயில் பாதைப் பழுதுபார்ப்புக்காக 'மெகா பிளாக்' அறிவிக்கப்படுவது நீங்கள் அறிந்ததே. செம்பூர் அன்பர்கள் ஹார்பர் பாதையின் அறிவிப்பை முதல்நாளே பார்த்துக்கொள்வது நலம். நான்காவது, கூட்டத்தில் மிக முதியவர் எவரோ அவர் நடையை அளவாகக் கொண்டு நேரம் கணக்கிடுங்கள். பாட்டியார் களைத்துவிட்டால் பயணம் முழுவதும் களைத்துவிடும்.

முதல் பகுதி: நம் வாசலில் உள்ள எல்லை

வரலாற்றைக் காண முதலில் கொலாபாவுக்கு ஓட வேண்டுவதில்லை. சயான் நிலையத்தருகே உள்ள சிறு குன்றின்மேல் ஒரு கோட்டை நிற்கின்றது. ஜெரால்டு ஆஞ்சியர் ஆளுநராக இருந்தபோது, 1669-க்கும் 1677-க்கும் இடையே கட்டப்பெற்றது. அடிவாரத்தில் பூங்கா உண்டு. குழந்தைகள் மகிழ்ந்து ஏறுவர். இங்கே ஏன் கோட்டை? அந்நாளில் ஆங்கிலேயர் ஆட்சி இவ்விடத்தோடு முடிந்தது. அப்பால் இருந்த சால்செட் தீவு போர்த்துக்கேசியர் வசம் இருந்தது. சயான் நிலையத்தின் மராத்திப் பெயர் 'ஷீவ்'. எல்லை என்பது அதன் பொருள். திருநெல்வேலிச் சீமை, மதுரைச் சீமை என்று நாம் வழங்கும் 'சீமை'யும் அதே சொல்லின் உறவு.

தாராவியிலேயே மற்றொரு கோட்டை உண்டு. பேருந்துப் பணிமனைக்கு 'காலா கில்லா' என்று பெயர் வழங்குகின்றோமே, அந்தக் கரிய கோட்டை அதுதான். ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737-இல் கட்டப்பட்டது என அதன் சுவரில் கல்வெட்டு உள்ளது. அதே ஆண்டில்தான் மராத்தியப் படைகள் போர்த்துக்கேசியரிடமிருந்து தாணேயைக் கைப்பற்றின; ஆங்கிலேயர் அஞ்சி எல்லையை வலுப்படுத்தியதன் சான்று அது. பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் தொழிலில் உழைத்து, நம்மவர் குடியேறியது இந்த எல்லை நிலத்தில்தான்.

மாட்டுங்காவின் நேரிய தெருக்களுக்கும் ஒரு காரணம் உண்டு. 1896-இல் மும்பையைப் பிளேக் நோய் சூறையாடிற்று. அதன் விளைவாக 1898-இல் நகர் மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என அது வகுத்த குடியிருப்புகளில் தாதரும் மாட்டுங்காவும் அடங்கும். இவ்வளவும் ஒரு காலைப்பொழுதில் கண்டு, மாட்டுங்காவிலேயே இட்டலி உண்டு வீடு திரும்பலாம்.

இரண்டாம் பகுதி: சுவரில்லாக் கோட்டை

அடுத்த ஞாயிறு சத்ரபதி சிவாஜி மகராஜ் நிலையத்தில் இறங்குங்கள். பெரியோர் இன்றும் வி.டி. என்றே சொல்வர். ஸ்டீவன்ஸ் என்னும் சிற்பி வரைந்த இக்கட்டடம் 1878-இல் தொடங்கி 1888-இல் முடிந்தது; 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. எதிர்ப்புறம் நின்று அமைதியாக நோக்குங்கள். வாயில் தூண்களில் சிங்கமும் புலியும் அமர்ந்திருக்கும். ஒன்று பிரிட்டன், மற்றொன்று இந்தியா. 1853 ஏப்ரல் 16 அன்று நாட்டின் முதல் பயணிகள் ரயில், இதனருகே இருந்த போரி பந்தரிலிருந்து தாணேக்கு 21 மைல் ஓடிற்று. 1871-இல் மும்பைப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தன. நம் பாட்டனார் டிரங்குப் பெட்டியோடு வந்த வழி அவ்வாறு திறந்தது. இதனைப் பிள்ளைகளுக்கு அந்நிலையத்தின் முன்னே நின்று சொல்லுங்கள்.

அங்கிருந்து நடந்தால் ஹார்னிமன் வட்டம். அருகே 1718-இல் திறக்கப்பெற்ற புனித தோமையர் தேவாலயம். கோட்டை மதிலில் இத்தேவாலயத்தை நோக்கிய வாயிலே சர்ச்கேட். மதில் 1860-களில் இடிக்கப்பட்டுவிட்டது; வாயிலும் இல்லை. ஆயினும் ரயில் நிலையம் அப்பெயரைச் சுமக்கின்றது. பகுதி முழுவதும் 'கோட்டை' என்றே வழங்குகின்றது. மதில் போன பின்னும் பெயர்கள் காவல் நிற்கின்றன.

மதில் இருந்த வெளியில் எழுந்தவையே உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரமும். இவற்றுக்கு அமெரிக்காவோடு ஒரு தொடர்பு உண்டு. 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரால் இங்கிலாந்துக்குச் செல்லும் பருத்தி தடைப்பட்டது. இந்தியப் பருத்தி பொன்விலை போயிற்று. மும்பையில் செல்வம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. போர் முடிந்ததும் வணிகர் பலர் வீழ்ந்தனர். அப்பருத்தி வணிகருள் ஒருவரான பிரேம்சந்த் ராய்சந்த், தம் அன்னையின் பெயரால் அளித்த கொடையே இக்கோபுரம், 1878-இல் முடிந்தது. ஓவல் மைதானத்தின் நடுவே நின்றால் ஒருபுறம் விக்டோரியா காலக் கட்டடங்கள். மறுபுறம் 20-ஆம் நூற்றாண்டின் ஆர்ட் டெகோ மாளிகைகள். இவ்விரு வரிசையும் சேர்ந்து 2018-இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன.

ஹுதாத்மா சௌக்கில் சற்று நின்று தலைவணங்குங்கள். மராத்தி பேசும் மக்களுக்கு மும்பையைத் தலைநகராகக் கொண்ட தனி மாநிலம் வேண்டி, 1950-களில் உயிர்நீத்தோரின் நினைவிடம் அது. 1960 மே 1 அன்று அம்மாநிலம் பிறந்தது. மொழிப்பற்று இன்னதென்று அறிந்த தமிழர்க்கு இவ்விடம் அயலிடமாகாது.

முடிவில் கேட்வே. 1924 டிசம்பர் 4-இல் திறக்கப்பெற்ற இவ்வாயிலின் வழியே, 1948 பிப்ரவரி 28 அன்று இறுதிப் பிரிட்டிஷ் படைப்பிரிவு கப்பலேறிச் சென்றது. படம் எடுக்கும் முன் இதனைச் சொல்லுங்கள். படத்திற்குப் பொருள் உண்டாகும்.

மூன்றாம் பகுதி: கடல் நடுவே கயிலை

எலிஃபண்டாவுக்குத் தனி நாள் வேண்டும். திங்கட்கிழமை குகைகள் மூடப்பட்டிருக்கும். கேட்வேயிலிருந்து காலையிலேயே படகேறுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கரையேறியபின் 120 படிகள் வரை உண்டு. முதியோர்க்கு டோலி கிடைக்கும். கட்டுச்சோற்றை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். குரங்குகள் விருந்தினர்க்காகக் காத்திருக்கும்!

தீவின் உள்ளூர்ப் பெயர் கராபுரி. கரையிலே நின்ற கல் யானையைக் கண்டு போர்த்துக்கேசியர் இட்ட பெயரே எலிஃபண்டா. அந்த யானை இன்று பைகுல்லாவில், டாக்டர் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தருகே நிற்கின்றது. குகையினுள் ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள மும்முகச் சதாசிவத் திருவுருவம். சுற்றிலும் ஆடவல்லான், மாதொருபாகன், கங்கையைச் சடையில் தாங்கியவன், மணக்கோலத்தான். ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டின் சிற்பங்கள் இவை. நம் பாட்டிமார்க்கு இங்கே வழிகாட்டி தேவையில்லை. சிதம்பரத்தில் கண்டதையும் திருவாரூரில் கேட்டதையும் கொண்டு அவர்களே கதை சொல்வர். பேரக் குழந்தைகள் கேட்கட்டும்.

நான்காம் பகுதி: விடுதலை பிறந்த தெருக்கள்

கிராண்ட் ரோடு நிலையத்திலிறங்கி அரை நாளில் மூன்று இடங்களைக் காணலாம். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை மும்பை வரும்போதெல்லாம் தங்கிய மணிபவன் ஒன்று. 1942 ஆகஸ்டு 8-இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறிய மைதானம் மற்றொன்று. மூன்றாவதாகிய தேஜ்பால் மண்டபத்தைப் பெரும்பாலோர் காணாமலே கடந்து செல்கின்றனர்.

1885 டிசம்பர் 28 அன்று காங்கிரஸ் மகாசபை முதன்முதல் கூடியது கோகுல்தாஸ் தேஜ்பால் பாடசாலையில். புனாவில் கூடுவதாக இருந்தது. அங்கே காலரா பரவவே மும்பைக்கு மாறிற்று. 72 பேராளர் வந்திருந்தனர். அச்சபையின் முதல் தீர்மானத்தை முன்மொழிய எழுந்தவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். 1882-இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கியவர் அவரே. இந்திய ஆட்சிமுறையை ஆராய விசாரணைக் குழு வேண்டும் என்பது அத்தீர்மானம். இந்திய விடுதலை வரலாற்றின் முதல் ஏட்டில், மும்பை மண்ணில், ஒரு தமிழரின் குரல் ஒலித்திருக்கின்றது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவர்?

அன்பர்களே! 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டார் இந்நகர்க்கு அயலார் என்னும் கூச்சல் எழுந்ததையும், உணவு விடுதிகள் தாக்கப்பட்டதையும் பெரியோர் மறந்திரார். "நீ எந்த ஊர்?" என்ற வினா இன்றும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் எதிர்கொள்கின்றது. அதற்குச் சினத்தால் விடை கூறுதல் வேண்டா. தன் தமிழையும் அறிந்து, தான் வாழும் நகரின் எல்லையையும் கோட்டையையும் தியாகிகளையும் அறிந்த பிள்ளை, "என் முன்னோர் ஊர் நெல்லை, என் ஊர் மும்பை" என்று அமைதியாகச் சொல்லும். நகரை உரிமை கொண்டாடுவதற்கு அதனை அறிவதே முதற்படி.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்குள் குடும்பம் ஒவ்வொன்றும் இந்நான்கில் ஒரு பகுதியையேனும் கண்டு வருக. உடன் சென்ற குழந்தை, தான் கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுக. அப்பக்கங்களை அடுத்த மலரில் வெளியிடுமாறு செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன்.