கதவில்லாதோரின் காவல்

புகையிரத நிலையத்து வாங்கொன்றில், மூட்டையைத் தலைக்கணையாக்கி ஒருவன் உறங்குகின்றான். அவனைக் கண்ட வழிப்போக்கர் தம் கைப்பையை இறுகப் பற்றிக்கொள்கின்றனர். உண்மையில் அஞ்ச வேண்டியவன் அவனே. வீடுள்ளோன் உறங்கும்போது அவனது கதவு விழித்திருக்கின்றது. வீடற்றோனுக்கோ கண் மூடிய கணமே உடைமைக்கும் உடலுக்கும் காவல் அற்றுப்போகின்றது. எனினும் உலகம் அவனைத் திருடனென ஐயுறுகின்றதேயன்றித் திருட்டுக்கு இலக்காகுபவன் என எண்ணுவதில்லை.

ஒருவனுக்கன்றி, ஊர் ஊராக மக்களுக்கு இந்நிலை நேர்ந்ததை மன்னார்க் கரை கண்டது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேறுமாறு கட்டளையிட்டனர். அம்மாகாணத்தில் வீடிழந்தோர் தொகை 70,000 அளவினதாகும். எருக்கலம்பிட்டி மக்களின் நகையும் பணமும் முன்னரே பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து குடும்பமொன்று கொண்டுசெல்லத்தக்கவை ஐந்து பைகள், 2,000 ரூபா, ஒரு பவுண் தங்கம் என அளவிடப்பட்டன. தமிழ் அயலவரும் கிறிஸ்தவக் குருமாரும் இதனைக் கைவிடுமாறு மன்றாடியும் பயனில்லை. மக்கள் கரையிற் காத்திருந்து, வள்ளமேறிக் கற்பிட்டியை அடைந்தனர்.

இழப்பு அத்துடன் முடிந்ததோ? இல்லை. கைவிடப்பட்ட வீடுகளின் ஓடும் மரமும் நிலையும் கழற்றப்பட்டன. பூட்டிவிட்டு வந்த கதவே களவு போயிற்று! பூட்டு இருந்தது, அதனைக் காக்கும் அயலவர் கண் இல்லாமற் போயிற்று. வீட்டுக்கு மெய்க்காவல் எதுவென்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது பிறிதில்லை.

புத்தளப் பகுதியின் முகாம்களில் அவர்களுக்குக் கிடைத்தவை கிடுகுக் கொட்டில்கள். கிடுகுச் சுவரை ஒரு கத்தி ஓசையின்றித் திறந்துவிடும். இத்தகைய குடியிருப்பில் பொருளை மறைத்துவைக்க இடமில்லை. இரவில் மலகூடத்துக்குச் செல்லும் பெண்ணுக்கு இருளே பகை. ஆதலால் விளக்கும், முறை வைத்து விழித்திருக்கும் அயலவருமே அங்கு மதிலாவர். எவ்விடத்து முகாமுக்கும் இது பொருந்தும்.

பொன்னினும் பெரிது காகிதம். காணி உறுதியும் பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் தொலைந்தால், தன் நிலத்தைத் தனதெனக் காட்டுவதும் பிள்ளையைப் பள்ளியிற் சேர்ப்பதும் அரிதாகும். போர் 2009இல் முடிந்தபின் மீண்டோர் பலர் கண்டது பற்றைக்காடும் அழிந்த எல்லைகளுமே. அப்போது பேசவல்லது அக்காகிதமே. இடம்பெயர்ந்தோரைப் பற்றி ஐக்கிய நாடுகள் 1998இல் வகுத்த வழிகாட்டும் கோட்பாடுகள், அவர் விட்டுச்சென்ற உடைமை காக்கப்பட வேண்டுமெனவும், தொலைந்த ஆவணங்கள் தடையின்றி மீள வழங்கப்பட வேண்டுமெனவும் கூறுகின்றன. முகாமிற் பணியாற்றுவோர் உணவைப் போன்றே, ஆவணத்தின் படியொன்றைப் பாதுகாப்பாக வைக்கும் வழியையும் முதல்நாளிலேயே நாடுவது நன்று.

வீடற்றோரின் துயர் கூரையொன்றால் மாத்திரம் தீர்வதன்று. தம் பொருளும் உடலும் நாளைக் காலையிலும் தமக்கே உரியன என்ற நம்பிக்கையோடு உறங்குவதே வீடு. அந்நம்பிக்கையைச் சட்டம் ஒரு பங்கு தரும். எஞ்சியதை அயலவரே தருதல் வேண்டும். வாங்கில் உறங்குபவனைக் கடந்து செல்லும் நேயர்கள், தம் பையைப் பற்றுமுன் அவன் மூட்டையின்மேல் ஒரு கணம் கண்வைப்பாராயின், அவனுக்கும் அன்றிரவு ஒரு கதவு கிடைத்ததாகும்.