தரையில் ஊன்றிய நீர்த்தாரை



பஞ்சுக் கிடங்கு போன்ற ஒரு பெரிய கட்டடம் பற்றி எரிகையில், விரிந்த கால்களோடு தரையில் ஊன்றப்பட்ட குட்டையான ஓர் உலோகச் சாதனத்தின் வாயிலிருந்து கனத்த நீர்த்தாரை சீறிப் பாய்வதையும், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவருமே நிற்காமலிருப்பதையும் உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். தீயணைப்பு நிலையத்தார் அதனை மானிட்டர் என்பார்கள். வேண்டிய இடத்தில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டால் அது தன் பாட்டுக்கு வேலை பார்க்கும் என்று நமக்குத் தோன்றுவது இயல்பே; ஆனால் அது தானாக நிற்பதில்லை, நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதும், அப்படி நிறுத்துவதற்கென்று ஒரு சாஸ்திரமே உண்டு என்பதும்தான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

தோட்டத்து ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரை முழுக்கத் திறந்தால் அதன் முனை துள்ளிப் பின்வாங்குவதைச் சிறுவரும் அறிவர். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டென்று நியூட்டன் 1687-இல் எழுதிவைத்த விதியே அங்கும் நடக்கிறது. 7 பார் அழுத்தத்தில், 20 மில்லிமீட்டர் வாயுள்ள கைக்குழாய் தன்னைப் பிடித்திருப்பவரைச் சுமார் 45 கிலோ பலத்துடன் பின்னே தள்ளும். அதே அழுத்தத்தில் 38 மில்லிமீட்டர் வாயுள்ள மானிட்டரோ நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர் நீரை வீசி, சுமார் 160 கிலோ பலத்துடன் பின்னுக்கு உந்தப்படும். ஒரே ஆள் தூக்கிவந்து வைக்கக்கூடிய சாதனம் அது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தன் எடையைப் போல் பல மடங்கு விசையை அது எதிர்த்து நிற்பது எப்படி?

விடை தாரையின் சாய்வில் இருக்கிறது. வாய் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும்போது எதிர்விசையின் ஒரு பங்கு யந்திரத்தை நிலத்துக்குள் அழுத்துகிறது. மற்றப் பங்குதான் அதைப் பின்னே இழுக்கிறது. 45 டிகிரியில் இரண்டும் சமம். தாரையைத் தாழ்த்தத் தாழ்த்த அழுத்தும் பங்கு குறைந்து, இழுக்கும் பங்கு கூடி, 10 டிகிரிக்கு வந்துவிட்டால் ஏறத்தாழ முழு விசையும் அதை நகர்த்துவதற்கே செலவாகும். ஆகவேதான் பலவகை மானிட்டர்களில் சுமார் 35 டிகிரிக்குக் கீழே வாய் இறங்காதபடி ஒரு தடுப்பு முளை வைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் மேல் பொருத்தும்போது அதை நீக்கலாம். தரையில் வைத்திருக்கையில், தீ தாழ்வாக எரிகிறதே என்ற அவசரத்தில் அதை நீக்குவது, என் அபிப்பிராயத்தில், செய்யக்கூடிய பிழைகளுள் மிகக் கொடியது. தாழ்ந்த சாய்விலும் இயங்கவல்ல, சற்றே நழுவினால் தானாக நீரை அடைத்துக்கொள்ளும் புதுவகைகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றுக்கும் செய்தவர் விதித்த எல்லை உண்டு.

அடுத்து நிலம். கால்களை முழுக்க விரித்து, பூட்டி, அவற்றின் கூர்முனைகள் மண்ணிலோ தார்ச்சாலையிலோ நன்றாகப் பதிந்தனவா என்று பார்க்க வேண்டும். வழவழப்பான சிமெண்டுத் தளத்தில் கூர்முனைக்குப் பிடிப்பே கிடையாது. கயிற்றையோ பட்டையையோ கொண்டு கட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. யந்திரம் பின்னோக்கி ஓடப்பார்ப்பதால், அதற்கு முன்புறமுள்ள கம்பத்திலோ மரத்திலோ தொய்வில்லாமல் கட்டினால்தான் கட்டு பயன்படும். பின்னாலுள்ள மரத்தில் கட்டியது வெறும் திருப்திக்கே ஆகும். நீர் கொண்டுவரும் ஹோஸ், மானிட்டரை அடைவதற்கு முன் மூன்று மீட்டராவது நேராகக் கிடக்க வேண்டும். அருகிலேயே வளைந்திருந்தால் நீர் நிறைந்ததும் அந்த வளைவு நிமிர முயன்று சாதனத்தைப் பக்கவாட்டில் புரட்டும். வாயை ஒரே பக்கமாக வெகுதூரம் திருப்புவதும் அதே விபரீதத்தைத்தான் விளைவிக்கும்.

இத்தனையும் ஆனபின்பே தண்ணீர். வால்வை மெல்ல மெல்லத் திறந்து, யந்திரம் அசையாமல் அமர்ந்ததைக் கண்டபிறகு அழுத்தத்தை உயர்த்த வேண்டும். மானிட்டருக்கு நீர் தரும் அதே பம்பிலிருந்து செல்லும் வேறொரு ஹோஸை யாராவது திடீரென்று மூடினால் இங்கே அழுத்தம் சட்டென ஏறுமாதலால், பம்பருகே நிற்பவர் கண் அழுத்தமானியை விட்டு அகலலாகாது. 4,500 லிட்டர் கொள்ளும் தண்ணீர் வண்டியை இந்த மானிட்டர் இரண்டு நிமிஷத்துக்குள் காலி செய்துவிடும் என்பதால், இடையறாத நீர்வரத்துக்கு முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும். தரை நனைந்து இளகி ஊன்றிய கால்கள் தளர்கின்றனவா என்று அடிக்கடி பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இவ்வளவு சிரமப்படுவதன் பிரயோஜனம், மனிதர் விலகி நிற்க முடிவதே. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் ஃபோர்ட் ஸ்டிகின் என்னும் கப்பல் பற்றி எரிந்து அதிலிருந்த வெடிமருந்து வெடித்தபோது, தீயை எதிர்த்துப் போராடிய 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். அந்நாளைத்தான் நம் நாட்டில் ஆண்டுதோறும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூருகிறோம். வெடிக்கக்கூடிய, இடியக்கூடிய இடங்களில் மானிட்டரை ஊன்றிவிட்டுப் பின்வாங்குவது அந்த நினைவுக்குத் தகுந்த விவேகம். எரியும் கட்டடத்துச் சுவரின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் அதை வைப்பதில்லை. நிமிஷத்துக்கு இரண்டரை டன் தண்ணீரை ஏற்கும் மாடி, நீர் வடிய வழியில்லையென்றால், தீயினால் அல்லாமல் பாரத்தினாலேயே சரியலாம் என்பதையும், உள்ளே வீரர்கள் இருக்கையில் வெளியிலிருந்து இந்தத் தாரையை அவர்கள்மீது செலுத்தலாகாது என்பதையும் படைத்தலைவர் மறப்பதில்லை.

வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மானிட்டருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்; நழுவினால் அது அந்தத் திசையில்தான் வரும். சாலையின் குறுக்கே நீர் நிறைந்து கிடக்கும் ஹோஸின்மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு சக்கரம் அதை நசுக்கிவிட்டு இறங்கும் அந்த ஒரு கணத்தில், அடைபட்ட நீர் மீண்டும் பாய்ந்து, மறுமுனையில் அமைதியாய் இருந்த யந்திரத்தைத் துள்ளச் செய்யும். ஹோஸுக்கு மேலே பாலப்பலகை போட்டிருந்தால் அதன்மேல் மெதுவாகப் போகலாம். போடாவிட்டால் வேறு தெருவழியாகச் சுற்றிப் போங்கள்.