மண்ணுக்குள் கசியும் பெட்ரோல்

சென்னை ராயப்பேட்டையில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் குடியிருப்பவர்கள் உண்டு. அந்த வீடுகளில் போர்வெல்லும் உண்டு. பங்கின் தரைக்கு அடியில் பெரிய டேங்க் புதைந்திருக்கிறது. அது துருப்பிடித்துக் கசிந்தால் என்ன ஆகும்?

2013-ல் அதே சென்னையின் தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே கசிந்தது குழாய்; டேங்க் கசிந்தாலும் விளைவு இதேதான்.

பெட்ரோல் தண்ணீரை விட லேசானது. மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீரின் மேல் ஏடு போல மிதக்கும். அதிலுள்ள பென்சீன் நீரில் கரையும். அது புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? டேங்கைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களிலிருந்து மண் எடுப்பார்கள். ஆவி பறந்துவிடாமல் உடனே புட்டியில் அடைத்துக் குளிரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். மாசும் அந்தத் திசையில்தான் பரவும்.

குழாயைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? நீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறதா? அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஆவி வீட்டுக்குள் பரவும், தீப்பிடிக்கவும் கூடும். உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லுங்கள். நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அதைக் காப்பதும் எல்லோருடைய பொறுப்பு.