காஞ்சி தந்த பட்டதாரி
(காஞ்சிபுரம் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊரில் நின்றுகொண்டு பட்டதாரிகளின் பொதுவாழ்வைப் பற்றிப் பேசுகிறவன் அறிஞர் அண்ணாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1909 செப்டம்பர் 15ல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்தால் படிப்புக்கு இடையில் இதே ஊர் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தர் வேலை பார்த்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1934ல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் சர்க்கார் நாற்காலியைத் தேடவில்லை. 'ஜஸ்டிஸ்' பத்திரிகையில் உதவி ஆசிரியர், பிறகு ஈரோட்டில் பெரியாரிடம் 'விடுதலை', 'குடி அரசு' என்று எழுத்து வேலைக்குப் போனார். 1942ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கியது எங்கே? சென்னையில் அல்ல, இந்தக் காஞ்சிபுரத்தில்! தலையங்கம் அவர், கதை அவர், நாடகம் அவர். 'சௌமியன்' என்றும் 'பரதன்' என்றும் புனைபெயர் வைத்துக்கொண்டு பக்கங்களை நிரப்பினார். தொண்டனைத் 'தம்பி' என்றழைத்து வாராவாரம் கடிதம் எழுதினார். தமிழ் தெரியாதவர்களுக்கும் நம் நியாயம் புரியவேண்டுமே என்று 1957ல் 'ஹோம்லேண்ட்' என்ற ஆங்கில வார இதழையும் நடத்தினார்.

நம் நிலை என்ன? மகனைப் பி.காம். படிக்க வைக்கிறோம். படித்து முடித்ததும் கடைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். இல்லையென்றால் துபாய்க்கு விமானம் ஏற்றுகிறோம். வியாபாரம் ஹலாலானது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வக்ஃபு நிலத்துக்காகக் கலெக்டருக்கு மனு எழுதவேண்டும் என்றால் முழு மஹல்லாவும் பக்கத்துத் தெரு வக்கீல் குமாஸ்தாவைத் தேடி ஓடுகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

கண்ணியமிகு காயிதே மில்லத் தோல் வணிகம் அறிந்தவர். அவரே 1949ல் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, மொழியின் தொன்மையைப் பார்த்தால் தமிழே ஆட்சிமொழியாகத் தகுதியுடையது என்று வாதாடினார். வியாபாரிக்குப் பேச்சு வராது என்று யார் சொன்னது? 1967 தேர்தலில் அவரும் அண்ணாவும் ஒரே அணியில் நின்றதற்கு அந்த மொழிப்பற்றும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனால் நாவன்மை மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1957ல் அண்ணாவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய காஞ்சிபுரம் 1962ல் தோற்கடித்தது. அந்தத் தேர்தலில் கட்சிக்கு 50 இடங்கள், தலைவருக்குத் தோல்வி! அவர் வீட்டில் முடங்கவில்லை, ராஜ்ய சபைக்குப் போய் அங்கே ஆங்கிலத்தில் முழங்கினார். பச்சையப்பனில் கற்றது அங்கே கைகொடுத்தது.

1967 மார்ச் 6ல் முதலமைச்சரானபோதுதான் பெரிய சோதனை. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று மேடையில் சொல்லியாகிவிட்டது. மேடைக்குக் கைதட்டல் போதும், கஜானாவுக்குக் கணக்கு வேண்டும். ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் கொடுத்தார். அதற்குமேல் விரிக்க நிதி இடம் தரவில்லை. மூன்று படி லட்சியமாகவே நின்றது. 1969 பிப்ரவரி 3ல் அவர் மறைந்தபோது ஆட்சிக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.