தொண்டும் வெட்டியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

இவ்விழாவிலே மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் பேசியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியனாகப் பணியாற்றும் என்னை, பள்ளிப் படிப்பிற்கும் கல்லூரிப் படிப்பிற்கும் இடையில் நான் செலவிட்ட ஓராண்டைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். அந்த ஓராண்டில் இமயமலை அடிவாரத்தில் இருந்த ஒரு வெளிக்களப் பயிற்சி முகாமில் ஊதியமின்றிப் பயிற்சிநிலைப் பயிற்றுநனாக இருந்தேன். பாறை ஏறுதல், மலைநடை, படகு செலுத்துதல் ஆகியவற்றை மாணவர்க்குக் கற்றுத்தரும் முகாம் அது.

மேலை நாடுகளில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்கள் கல்லூரியில் சேருமுன் ஓராண்டை இவ்வாறு கழிப்பது வழக்கம். அங்கே அது பெருமைக்குரிய செய்தி. நம் வீட்டிலோ ஓர் ஆண்டு வீணாவது என்பது பேரிடி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எனக்கு நான் விரும்பிய படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அப்போது என் ஆசிரியர் ஒருவர் இம்முகாமைப் பற்றிக் கூறினார். உணவு உண்டு, தங்க இடம் உண்டு, பயிற்சி உண்டு, கூலி மட்டும் கிடையாது என்றார். நான் மகிழ்ச்சியோடு வீட்டிற்கு ஓடினேன்.

என் தந்தையார் கிணறு வெட்டுபவர். கோடையில் தூர் வாருபவர். நான் கூறியதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "கூலி இல்லாத வேலைன்னா அது வெட்டிதானேடா? அதுலேருந்து உன்னை மேலே தூக்கிவிடத்தானே படிக்க வச்சேன்?" என்றார்.

இளைஞர்களே! அந்தக் கேள்வியின் கனத்தை உங்களிற் பலர் உணராதிருக்கலாம். நம் பாட்டனார் காலத்தில் ஊர்க்கு வெட்டி வேலை பார்ப்பது நம்மவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. சாவுச் செய்தி சொல்லப் போவதும், பறையடித்து அறிவிப்பதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், சுடுகாட்டில் பிணம் எரிப்பதும் நம் கடமை என்றனர். "மாட்டேன்" என்று சொல்ல உரிமையில்லை. மராட்டியத்தில் மகர் மக்களை இவ்வாறு பிணைத்திருந்த வதன் முறையைத் திருத்துவதற்காக அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வெட்டி வேலையையும் வலிந்து வாங்கும் உழைப்பையும் தடை செய்தது. இவ்வரலாற்றை உடலில் சுமந்த தந்தை, மகன் தானாகவே கூலியற்ற வேலையைத் தேடிப் போகிறான் என்றால் கலங்காமல் என்ன செய்வார்?

அன்று அவருக்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை. என் தாயார் தோட்ட வேலைக்குக் கூடுதலாகச் சென்று பயணச் செலவிற்குப் பணம் சேர்த்தார். இரயிலிலும் பேருந்திலுமாக நான்காம் நாள் உத்தரகாசிப் பகுதியைச் சென்றடைந்தேன்.

முதல் திங்களில் நான் பாறையைத் தொடவே இல்லை. கயிறுகளை வெறும் நீரில் அலசி நிழலில் உலர்த்துவதே என் வேலை. வெயில் நைலான் கயிற்றின் வலுவைக் குறைக்கும் என்பதையும், மின்கல அமிலம் பட்டால் வெளியே தெரியாமலே கயிறு உள்ளுக்குள் இற்றுப்போகும் என்பதையும் அப்போது கற்றேன். கயிற்றைக் காலால் மிதிப்பது அங்கே பெருங்குற்றம். மிதித்தால் சிறு கற்கள் கயிற்றுக்குள் புகுந்து இழைகளை அறுக்கும். கயிற்றை முழுநீளமும் விரல்களுக்கிடையே உருவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மெத்தென்று இருந்தாலோ விறைத்திருந்தாலோ அதனை ஒதுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு கயிற்றிற்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. எந்நாளில் வாங்கியது, எத்தனை முறை பயன்பட்டது, இன்று சோதித்தவர் யார் என்பதை எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

முப்பதாம் நாள் அப்பதிவேட்டில் என் பெயரை எழுதச் சொன்னார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் என் பெயர் இருந்ததுண்டு. ஆயினும் "இதற்கு நான் பொறுப்பு" என்று என் பெயரை நானே எழுதியது அதுவே முதன்முறை.

அடுத்து நீர். பதினெட்டு வயதில் எனக்கு நீந்தத் தெரியாது. ஊர்க் கிணறுகளை வெட்டியவர் என் தந்தை; அக்கிணறுகளில் குதித்து விளையாடியவர்கள் வேறு பிள்ளைகள். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியது குடிநீர் உரிமைக்காக மட்டுமன்று என்பதை அங்கேதான் உணர்ந்தேன். நீரிலிருந்து விலக்கப்பட்டவன் நீச்சலிலிருந்தும் விலக்கப்படுகிறான். வெள்ளத்தில் உயிர் பிழைக்கும் வழியிலிருந்தும் விலக்கப்படுகிறான். பாறைகள் தடுத்து நின்ற அமைதியான நீரில், மிதவைச் சட்டை அணிந்து, என்னிலும் சிறிய பிள்ளைகளோடு நீந்தக் கற்றேன். முதலில் வெட்கப்பட்டேன், பிறகு வெட்கத்தை விட்டேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதைச் சொல்லாவிட்டால் இவ்வுரையால் பயனில்லை.

ஒரு நகரத்துப் பள்ளியிலிருந்து மாணவர் குழு வந்திருந்தது. இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தபோது ஒரு மாணவன் என் முழுப்பெயரைக் கேட்டான். சொன்னேன். அதற்குப் பின்னும் ஏதோ ஒரு பெயர் இருக்க வேண்டுமே என்றான். அவன் எதைக் கேட்கிறான் என்பது உங்களுக்கு விளங்கும். நான் மறைக்காமல் கூறினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்திற்குப் பின் நான் நீட்டிய தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் வாங்காமல் எழுந்து சென்றான்.

மறுநாள் காலை பாறையடியில் அவன் என் வரிசையில் நின்றான். ஏறுபவரின் இடுப்பு வாரையும் அதன் பக்கிளையும் கயிற்றின் எட்டு முடிச்சையும் கண்ணாலும் கையாலும் சோதிப்பது என் கடமை. மற்ற மாணவரை அவ்வாறே சோதித்தேன். அவன் முறை வந்தபோது அவனைத் தொட என் கை எழவில்லை. தொலைவிலிருந்தே பார்த்துவிட்டுத் தலையசைத்தேன். அவன் பாறையில் கை வைத்த நேரத்தில் மூத்த பயிற்றுநர் "நில்!" என்று குரல் கொடுத்தார். அவன் பக்கிளில் வாரை இரண்டாம் முறை மடித்துச் செருகவில்லை. உயரத்திலிருந்து விழுந்திருந்தால் வார் உருவிக்கொண்டு போயிருக்கும்.

அம்மூத்தவர் மலைநாட்டு ஏழைக் குடியில் பிறந்தவர். எல்லார் முன்பும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் தனியே அழைத்து நடந்ததைக் கேட்டார். நான் முதல்நாள் இரவு நிகழ்ந்ததைச் சொன்னேன். "அவன் செய்தது தவறு. அதை நான் அவனுடைய ஆசிரியரிடம் பேசுவேன். நீ செய்தது வேறு தவறு. அதை உன்னிடம்தான் பேச முடியும்" என்றார். மூன்று நாள் என்னைக் கயிறு அலசும் வேலைக்கே திருப்பி அனுப்பினார். அந்த மூன்று நாளும் என் நெஞ்சு கொதித்தது. இழிவுபடுத்தப்பட்டவன் நான்; தண்டனையும் எனக்கா என்று குமுறினேன். நான்காம் நாள் காலை மீண்டும் பாறையடியில் நின்றபோதுதான் ஒன்று தெளிவாயிற்று. என்னை இழிந்தவன் என்று அவர் எண்ணியிருந்தால் என் தவற்றைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஓர் உயிரைக் காக்கத் தக்கவன் என்று மதித்ததனால்தான் என் பிழையைப் பிழை என்றார்.

அந்த மாணவன் மனம் மாறினானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் நான்காம் நாள் அவன் வாரை நான் கையால் தொட்டுச் சோதித்தேன், அவன் விலகவில்லை, ஏறினான், நான் கயிறு பிடித்தேன்.

இத்தொழிலில் சிறு கவனக்குறைவு எத்துணைப் பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோம் மலைப்பகுதியில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோப் பள்ளி மாணவர் ஐவரும் அவர்களுக்குத் துணையாகச் சென்ற பயிற்சிநிலைப் பயிற்றுநர் ஒருவரும் இறந்தனர். அப்பயிற்றுநருக்கு வயது 18. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறுபடகுப் பயிற்சிக்குச் சென்ற மாணவர் நால்வர் மாண்டனர். அதன் விளைவாக, இத்தகைய மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் அங்கே 1995இல் இயற்றப்பட்டது. நம் நாட்டில் 2014 ஜூன் 8ஆம் நாள் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி நின்ற ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேர், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் அடித்துச் செல்லப்பட்டனர். அணைக்குக் கீழுள்ள ஆற்றில் நீர் எந்நேரமும் உயரும். பனிமலையிலிருந்து வரும் ஓடைகளோ வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் பெருகும், ஆதலின் காலையிலேயே கடக்க வேண்டும். இவற்றை அறிந்தவர் ஒருவர் உடனிருப்பதே உயிர்க்காப்பு.

இப்பொழுது என் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். கூலியில்லா வேலை எல்லாம் வெட்டியா? வெட்டியில் விலக உரிமையில்லை, தொண்டில் உண்டு. வெட்டி எதையும் கற்பிப்பதில்லை. தொண்டு செய்பவன் கற்று உயர்கிறான். வெட்டி செய்பவனுக்குப் பெயரில்லை; தொண்டு செய்பவன் பதிவேட்டில் கையொப்பமிடுகிறான். எனவே இளைஞர்களே, இத்தகைய பணிக்கு எவரேனும் உங்களை அழைத்தால் கூசாமல் கேளுங்கள். யார் பயிற்சி தருவார்? வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி? முடிவில் என்ன சான்று? விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா? எவருடைய மேற்பார்வையில் நிற்பேன்? இவற்றிற்கு நேரான விடை கிடைக்கவில்லையெனில், அதற்கு எவ்வளவு அழகிய பெயர் சூட்டியிருந்தாலும் அது பழைய வெட்டியே, திரும்பி வந்துவிடுங்கள். வீட்டு நிலை ஓராண்டைத் தாங்காது என்றால் ஒரு விடுமுறைத் திங்கள் போதும். குடும்பத்தைப் பட்டினியில் விட்டுச் செய்யும் தொண்டு தொண்டாகாது.

வழியும் உண்டு. தார்ச்சுலிங்கில் 1954இல் நிறுவப்பட்ட இமயமலையேற்றப் பயிற்சி நிறுவனமும், உத்தரகாசியில் 1965இல் நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனமும் முறையான பயிற்சி அளிக்கின்றன. அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' தரம் பெற்றவர் உயர்நிலைப் பயிற்சிக்கும், அதிலும் சிறந்தவர் பயிற்றுவிக்கும் முறைப் பயிற்சிக்கும் செல்லலாம். 1935இல் சுமை தூக்கும் தொழிலாளியாக எவரெஸ்ட் பகுதிக்குச் சென்ற டென்சிங் நோர்கே, 1953 மே 29ஆம் நாள் ஹிலாரியோடு அதன் உச்சியில் நின்றார். பின்னர் தார்ச்சுலிங் நிறுவனத்தில் களப்பயிற்சியின் முதல் இயக்குநராக அமர்ந்தார். 2014 மே 25ஆம் நாள் எவரெஸ்ட் ஏறிய 13 வயதுப் பழங்குடிச் சிறுமி மலாவத் பூர்ணாவும், தலித் மாணவர் ஆனந்த் குமாரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சமூக நல உறைவிடப் பள்ளிகளில் பயின்றவர்கள். அவர்கள் முதலில் பழகியது புவனகிரிக் குன்றின் பாறையில். நம் ஊர்களிலும் குன்றுகள் இல்லாமலில்லை.

இச்சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். கல்வி உதவித்தொகை வழங்குவதோடு, ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் நம் சிறுவர் சிறுமியர்க்குத் தக்க பயிற்றுநரைக் கொண்டு நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். அப்பணிக்கு என் விடுமுறை முழுவதையும் தருகிறேன். கூலி வேண்டாம், பதிவேட்டில் என் பெயர் இருந்தால் போதும்.

நிறைவாக ஒன்று. முகாமிலிருந்து திரும்பியபோது, பயன்பாட்டிலிருந்து நீக்கி வெட்டப்பட்ட கயிற்றின் ஒரு துண்டை நினைவாகக் கொண்டுவந்தேன். கூலி எங்கே என்று தந்தையார் கேட்பார் என அஞ்சியிருந்தேன். அவர் கயிற்றைக் கையில் வாங்கினார். நான் எதுவும் சொல்லாமலே விரல்களுக்கிடையே மெல்ல உருவினார். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க மெத்துன்னு இருக்கே, உள்ளே அறுந்திருக்கு. இதுல ஆளை இறக்கிடாதீங்கடா" என்றார். அக்கயிறு நீக்கப்பட்டதற்குக் காரணம் அந்த இடமேதான்.

நாற்பதாண்டு கிணற்றுக்குள் கயிற்றில் இறங்கியவர் அவர். நான் ஒரு திங்கள் முழுவதும் கற்றது அவர் விரல் நுனியில் இருந்தது. அவருக்குச் சான்றிதழ் தந்தவர் எவருமில்லை. அவர் பெயரை எழுதிக்கொண்ட பதிவேடும் இல்லை. நம்மிடம் அறிவு இல்லாமற் போனதில்லை. அதற்குக் கையொப்பமிடும் உரிமைதான் இல்லாமற் போயிற்று. அதனை நீங்கள் பெறுங்கள் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.