குழந்தை மணியோசைக்குத் திரும்புகிறதா?

(திருவனந்தபுரத்தில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிசுப் பருவ வளர்ச்சியும் கல்வியும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பௌதிகத்தில் பட்டம் பெற்று, அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். இருந்தும் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் வீட்டில் நடந்த ஒரு தவறை, தவறு செய்தவன் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

வெளியூரில் இருக்கும் என் பெண் நவராத்திரிக்குக் குழந்தையோடு வந்திருந்தாள். பேத்திக்கு அப்போது 11 மாதம். தினமும் காலையில் பூஜையில் மணி அடிப்பேன். மூன்றாம் நாள் என் மனைவி, "ஏன்னா, மணி அடிச்சா குழந்தை திரும்பியே பாக்கலையே?" என்றாள்.

"விளையாட்டு மும்முரத்துல இருக்கா. நீ எதையாவது சொல்லி அவாளைப் பயமுறுத்தாதே. உங்க அண்ணாவே மூணு வயசுக்கு அப்புறந்தான் பேசினாராம்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டேன்.

கல்லூரியில் ஒலியைப் பற்றிப் பரீட்சை எழுதியவன் நான். ஆனால் கண்ணால் பார்த்து, சந்தேகப்பட்டு, கேள்வி கேட்டவள் அவள். விஞ்ஞானம் எந்தப் பக்கம் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு வயது கடந்தும் பேச்சு வராமல் பரிசோதித்தபோதுதான், இரு காதுகளிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு என்று தெரிந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கோப்பை நான் 'பிறகு பார்க்கலாம்' என்று கட்டி வைத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் இது பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்தபோது தெரிந்த முதல் விஷயம், எனக்கு வேண்டியிருந்த அளவுகோல் என் ஊரிலேயே, என் ஊரின் பெயரிலேயே இருந்தது என்பது.

இங்கே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் சைல்டு டெவலப்மென்ட் சென்டர் இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் எம்.கே.சி. நாயரும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்டதுதான் 'திருவனந்தபுரம் வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை'. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் நான்சி பெய்லி வகுத்த நீண்ட சோதனையை பரோடாவில் நம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்திருந்தார்கள். அதிலிருந்து 17 செயல்களை மட்டும் எடுத்து, இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக ஒரே தாளில் அடக்கினார்கள்.

முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புறப் புரள்வது, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, பிடித்துக்கொண்டு நிற்பது, தனியாக நடப்பது, இரண்டு வார்த்தை சொல்வது, பொம்மையின் அங்கங்களைக் காட்டுவது என்று வரிசை போகிறது. மணியோசைக்குத் தலையைத் திருப்புவதும் அதில் ஒன்று! அதைப் படித்தபோது என் மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை வரைந்திருக்கும். 100-க்கு 3 குழந்தைகள் செய்யத் தொடங்கும் வயதில் பட்டை ஆரம்பிக்கும். 97 குழந்தைகள் செய்துவிடும் வயதில் முடியும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலை நிறுத்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன செயல் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அங்கன்வாடி ஊழியரே சில நிமிஷங்களில் செய்துவிடலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. விரிவான சோதனையோடு ஒப்பிட்டபோது, குறையுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது பிடித்தது. சல்லடையில் நின்றதெல்லாம் கல்லும் அல்ல. விழுந்ததெல்லாம் அரிசியும் அல்ல. ஆகவே அட்டவணை சரியாக இருந்தாலும், தாய்க்குச் சந்தேகம் வந்தால் காட்டிவிட வேண்டும்.

காது விஷயத்தில் உலகெங்கும் டாக்டர்கள் சொல்லும் கணக்கு 1-3-6. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நிர்ணயம், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. தூங்கும் சிசுவின் காதில் சிறு கருவியை வைத்து வலியில்லாமல் சில நிமிஷங்களில் பார்த்துவிடலாம். ஏன் இவ்வளவு அவசரம்? காது வெறும் வாசல், கேட்பது மூளை. முதல் மூன்று ஆண்டுகளில் ஓசை உள்ளே போகாவிட்டால், ஓசைக்கான இணைப்புகள் மூளையில் சரிவர அமைவதில்லை. பிறகு கருவி வைத்தாலும் பாடு அதிகம். 'ஐந்தில் வளையாதது' என்கிறோம். மொழியைப் பொறுத்தவரை ஐந்தே தாமதம்தான்.

உதவிக்கும் இங்கே குறைவில்லை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காக 1997-இல் தொடங்கிய 'நிஷ்' ஆக்குளத்தில் இருக்கிறது. காக்ளியர் கருவி பொருத்த கேரள அரசு 2012-இல் 'ச்ருதிதரங்கம்' திட்டம் கொண்டுவந்தது.

இனி, குறை ஏதும் இல்லாத குழந்தைகளைப் பற்றி. ஜமைக்காவில் 1986-87-இல் வளர்ச்சி குன்றிய 129 ஏழைக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்கு, சாதாரணச் சுகாதார ஊழியர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார்கள். வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் சம்பாத்தியம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014-இல் இதை வெளியிட்டார்கள்.

பேச்சும் விளையாட்டும்தான் மருந்து. நம் பாட்டிமார் காலில் போட்டு எண்ணெய் தேய்த்தபடி பேசிய பேச்சும், தாலாட்டும், சாதம் ஊட்டும்போது காக்காயைக் காட்டிச் சொன்ன கதையும் அதுதான். விஜயதசமியன்று வித்யாரம்பம் செய்கிறோம். ஆனால் குழந்தையின் வித்யை அதற்கு மூன்று வருஷம் முன்பே, மடியில் தொடங்கிவிடுகிறது.

பல ஊர்களிலும் உள்ள நம் தாத்தா பாட்டிகளிடம் நான் வைக்கும் விண்ணப்பம் மூன்று. பேரக் குழந்தை பிறந்தவுடன், "காது சோதனை ஆயிற்றா?" என்று கேளுங்கள். இரண்டு வயது வரை அதன் கையில் செல்போன் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஒரு வயதுக் குழந்தைக்கும் திரை கூடாது என்றே சொல்லியிருக்கிறது. மூன்றாவது, வீட்டில் யாராவது சந்தேகம் சொன்னால், என்னைப்போல் "எல்லாம் தானாக வரும்" என்று வாயை அடைக்காதீர்கள்.

பேத்திக்கு இப்போது ஐந்து வயது. இரு காதிலும் கருவி. வாரந்தோறும் பேச்சுப் பயிற்சி. 'ஸ' இன்னும் சரியாக வரவில்லை. வயதுக்கு ஒரு வருஷம் பின்தங்கித்தான் பேசுகிறாள். அந்த ஒரு வருஷம் யாருடைய கணக்கில் சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

சென்ற நவராத்திரிக்கு வந்தபோது பூஜை மணியை அவளே கேட்டு வாங்கி அடித்தாள். "போதும்" என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.